வாசக்காலுக்கு மரம் வாங்குமுன்: காட்டைக் கெடுக்காத மரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீடு கட்டுகிறவர்கள் சிமென்டுக்கும் கம்பிக்கும் நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரிப்பார்கள். மரம் என்று வரும்போது மட்டும், ஆசாரி சொல்லும் மரக்கடைக்குப் போய், பர்மா தேக்கா ஆப்பிரிக்கத் தேக்கா என்று விலைக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். அந்த மரம் எந்த நாட்டில் வளர்ந்தது, இயற்கைக் காட்டில் வெட்டப்பட்டதா, நட்டு வளர்த்த தோட்டத்திலிருந்து வந்ததா என்றெல்லாம் கேட்பது வாங்குகிறவரின் வேலையல்ல என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதைக் கேட்பது எப்படி, எந்தப் பதிலை நம்பலாம், எந்தத் தாளைப் பார்க்க வேண்டும், எங்கே வேறு மரத்துக்கு மாறலாம் என்பவற்றை, தமிழ்நாட்டில் வீடு கட்டும் ஒருவரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியை வாங்குபவர் ஏன் கேட்க வேண்டும்

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. நம் காடுகளுக்கு அது பெரிய காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலைக்கும் கதவுக்கும் மரம் கேட்பது இங்கே குறையவில்லை. அந்தத் தேவை கப்பலேறி மியான்மருக்கும், மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்கும், ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டது. உலகில் வெப்பமண்டல உருட்டுமரத்தை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்லாந்திலும் இதுவே நடந்தது. 1988 நவம்பரில் அந்நாட்டின் தெற்கே பெருவெள்ளம் வந்தபோது, காடு வெட்டப்பட்ட மலைகளிலிருந்து மண்ணும் மரக்கட்டைகளும் ஊர்களின்மேல் புரண்டு வந்தன. 1989 ஜனவரியில் அரசு மரவெட்டைத் தடை செய்தது. தாய்லாந்து மர நிறுவனங்கள் எல்லை தாண்டிப் பர்மாவில் வெட்டு உரிமம் வாங்கிக்கொண்டன. ஒரு நாட்டில் போடப்பட்ட தடை, பக்கத்து நாட்டுக் காட்டின்மேல் சுமையாக இறங்கியது.

மியான்மரின் நிலை நம்மை நேரடியாகத் தொடுகிறது. 2010 முதல் 2015 வரை அந்நாடு ஆண்டுக்குச் சராசரியாக 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்தது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. பிரேசில், இந்தோனேசியா ஆகிய இரண்டு நாடுகளே அந்தக் காலத்தில் அதைவிட அதிகம் இழந்தவை. 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமர ஏற்றுமதியை மியான்மர் தடை செய்தது. அறுத்த மரத்தின் ஏற்றுமதி தொடர்ந்தது. காட்டு மரத்தை விற்கும் உரிமை அங்கே அரசு நிறுவனமான மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ் கையில் இருக்கிறது; 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் அந்த நிறுவனத்தின்மேல் தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை.

அமெரிக்காவில் 2008-இல் திருத்தப்பட்ட லேசி சட்டமும், ஐரோப்பாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த மர ஒழுங்குமுறைச் சட்டமும், வெட்டிய நாட்டிலேயே சட்டத்தை மீறி எடுக்கப்பட்ட மரத்தை விற்பதைக் குற்றமாக்கின. இறக்குமதி செய்கிறவர் மூலத்தை விசாரித்தறிய வேண்டும் என்பது ஐரோப்பாவில் சட்டக் கடமை. நம்மிடம் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. அங்கே அதிகாரி கேட்கும் கேள்வியை இங்கே வாங்குகிறவர் கேட்டால்தான் உண்டு.

அப்படியானால் வெப்பமண்டல மரத்தையே தொடாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். நேர்மையான எண்ணந்தான், ஆனால் அதனால் காடு பிழைப்பது உறுதியில்லை. வெப்பமண்டலக் காடுகள் அழிவதற்குப் பெருங்காரணம் வேளாண்மைக்கும் மேய்ச்சலுக்கும் நிலம் மாற்றப்படுவது. மரவெட்டு அதற்குச் சாலை போட்டுக் கொடுக்கிறது. நின்றபடி வருமானம் தராத காட்டை வெட்டிவிட்டுப் பனையெண்ணெய்த் தோட்டமோ மாட்டுப் பண்ணையோ வைக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். 1992-இல் ஆஸ்திரியா வெப்பமண்டல மரங்களுக்கு மட்டும் கட்டாய முத்திரை என்று சட்டம் போட்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் பாகுபாடு என்று எதிர்க்க, அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. எல்லாக் காட்டுக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும் என்ற தேடலில்தான் 1993-இல், ஒழுங்காகப் பராமரிக்கப்படும் காட்டின் மரத்துக்குச் சான்று முத்திரை வழங்கும் எஃப்.எஸ்.சி. எனப்படும் காட்டு மேலாண்மைக் குழு உருவானது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் மரத்தை வாங்குவதும், மூலம் தெரியாத மரத்தை மறுப்பதும் சேர்ந்து நடந்தால்தான் பயன்.

முதலில் அளவைக் குறையுங்கள்

மரக்கடைக்குப் போகுமுன் ஆசாரியுடன் உட்கார்ந்து கன அடிக் கணக்குப் போடுங்கள். 7 அடி உயரம், 4 அடி அகலத்தில் தலைவாசலுக்கு வாசக்கால் வைக்கிறீர்கள், சட்டம் 5 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால், நிற்கும் சட்டம் இரண்டும் படுக்கைச் சட்டம் இரண்டுமாகச் சேர்த்து 22 அடி வரும். 22-ஐ 5-ஆலும் 4-ஆலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 கன அடி. கதவுக்கு இன்னும் சுமார் 3 கன அடி வையுங்கள். உருட்டுமரத்தை அறுக்கும்போது ஏறத்தாழப் பாதி மரத்தூளாகவும் சிராயாகவும் போய்விடும் என்பதால், இந்த ஒரு வாசலுக்கு 12 கன அடி உருட்டுமரம் காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வெட்டப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டபிறகு எந்த இடத்துக்குத் தேக்கு தேவை என்ற கேள்விக்கு விடை எளிதாகிவிடும். வெயிலும் மழையும் படும் தலைவாசலுக்கும் வெளிச்சன்னலுக்கும் உறுதியான வைரமரம் வேண்டும். உள்ளறைக் கதவுக்கும் அலமாரிக்கும் வேண்டியதில்லை. பூசை அறைக்கு மட்டும் தேக்கு என்று வைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். அதுவும் சிறிய அளவுதான். வீடு முழுக்கத் தேக்கு என்று பெருமைக்காகப் போடுவதை நான் ஏற்கவில்லை. குடியேறி ஓராண்டு ஆனபின் யார் கண்ணிலும் படாத மரத்துக்காக அவ்வளவு பெரிய மரத்தை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை.

எந்த மரம்

தேக்கு இயற்கையாக வளரும் நாடுகள் நான்குதான்: இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மரக்கடையில் பாதிக் குழப்பம் தீரும். கானா, தான்சானியா, ஈக்வடார், கோஸ்டாரிகா, பனாமா என்று எங்கிருந்து வந்தாலும், அது உண்மையான தேக்கு என்றால் மனிதர் நட்டு வளர்த்த மரமாகத்தான் இருக்க முடியும். மியான்மர்த் தேக்கு இயற்கைக் காட்டு மரமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதனால் இன்றைய நிலையில் புதிதாக வெட்டிய பர்மா தேக்கை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நட்டு வளர்த்த தேக்கு தரம் குறைந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தேக்கை நட்டு வளர்க்கும் வித்தை நம் பக்கத்திலேயே பிறந்தது. 1840-களில் மலபார் ஆட்சியர் கொனோலியும் அவரிடம் பணிசெய்த சாத்து மேனனும் நிலம்பூரில் தொடங்கிய தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாகக் கருதப்படுகிறது. அங்கே வளர்ந்த மரத்தின் உறுதியை யாரும் குறை சொல்வதில்லை. குறை வருவது வயதினால். இளமரத்தில் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதி அதிகம், நடுவிலுள்ள கெட்டியான வைரம் குறைவு. வெள்ளையைத்தான் கரையானும் வண்டும் அரிக்கும். தோட்டத் தேக்கு வாங்கும்போது வைரப் பகுதி மட்டும் வேண்டும் என்று சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

பெயரைக் கண்டு ஏமாறவும் வாய்ப்பிருக்கிறது. ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் இரோக்கோ, அஃப்ரோமோசியா போன்ற வேறு மரங்களும் விற்கப்படுகின்றன. அவை இயற்கைக் காட்டு மரங்கள், தேக்கின் உறவே அல்ல. தரைக்குப் போடும் பிரேசில் தேக்கு என்பது குமாரு என்ற அமேசான் காட்டு மரம். ஆகவே மரத்தின் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். தேக்குக்கு அது டெக்டோனா கிராண்டிஸ்.

சிவப்பாக வரும் படாக் மரத்திலும் கவனம் வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், ஆப்பிரிக்கப் படாக் வகைகள் 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் சேர்க்கப்பட்டன. ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி வகைகள் முழுவதும் 2017 ஜனவரியிலேயே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டன. 2009-இல் மடகாஸ்கரில் ஆட்சி கவிழ்ந்த சமயத்தில் மசோலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்து ஈட்டியைச் சூறையாடிய கதை உலகறிந்தது. பட்டியலில் உள்ள மரம் என்றால் ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதி இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். தேக்கு அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் தேக்குக்கு இந்தத் தாளைக் கேட்டுப் பயனில்லை.

மலேசியன் சால் என்று விற்கப்படும் மரம் தென்கிழக்காசியாவின் மழைக்காட்டு மரம். சரவாக்கின் பாரம் ஆற்றுப் பகுதியில் தங்கள் காட்டுக்குள் மரலாரிகள் நுழைவதை எதிர்த்துப் பெனான் மக்கள் 1987-இல் சாலையை மறித்து நின்றார்கள். அந்தச் சரவாக்கின் உருட்டுமரத்தைப் பின்னாளில் அதிகம் வாங்கியவர்கள் இந்தியர்கள். விலை குறைவு என்பதால் சன்னல் சட்டத்துக்கு இதைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். சான்றிதழ் பெற்ற மரமாக இருந்தாலொழிய இதைத் தவிர்த்து, நம் ஊர் மரத்துக்கு மாறலாம்.

வேம்பு, பலா, வாகை, பூவரசு எல்லாம் வயலோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் வளர்ந்தவை. காட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நன்றாக உலர்ந்த வேப்ப மரத்தில் சன்னல் சட்டமும் உள்கதவு நிலையும் செய்வது நம் கிராமங்களில் தலைமுறைகளாக நடப்பது. கன்னியாகுமரிப் பக்கம் பலாவுக்கு நல்ல மதிப்பு உண்டு. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம், போரான் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருந்தால் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நன்றாக உழைக்கும். மழை படும் இடத்துக்கு மட்டும் ஆகாது.

எல்லாவற்றிலும் மேலானது பழைய மரம். பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்த தேக்கில் கட்டிய வீடுகளின் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கின்றன. முழு நிலையாகவே வாங்கினால் விலை கூடும். சிற்பமில்லாத உத்திரத்தையோ சட்டத்தையோ வாங்கி அறுத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். பல்லாண்டு காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்காது. அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோகுமுன் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். உள்ளே மறைந்த ஓர் ஆணி ரம்பத்தையே உடைத்துவிடும் என்பதால் மில்காரர் வாங்க மறுப்பார். நல்ல நிலையிலுள்ள வீட்டை மரத்துக்காகவே இடிக்க வைக்கும் வியாபாரத்துக்கு நாம் துணைபோகக் கூடாது என்பதால், வீடு ஏன் பிரிக்கப்பட்டது என்றும் கேட்டுவிடுங்கள்.

மரக்கடையில்

கேட்க வேண்டியவை மூன்று: எந்த நாடு, எந்த மரம், நட்டதா காட்டு மரமா. பதில் வாயால் வந்தால் போதாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'இம்போர்ட்டட் தேக்கு, முதல் தரம்' என்று மட்டும் எழுதிய பில் எதையும் சொல்லாது. எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் வருவதே கடைக்காரருக்கு நீங்கள் சொல்லும் பதில். இதை மரியாதையாகவே செய்யலாம்: "அண்ணாச்சி, நாடும் மரத்தின் பெயரும் பில்லில் போட்டுத் தந்தால் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்" என்றால் போதும். பலர் கேட்க ஆரம்பித்தால் அவர் இறக்குமதியாளரிடம் கேட்பார். கன்டெய்னர் இறக்குகிறவர் ஏற்றுமதி நாட்டில் கேட்பார்.

கட்டையின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். புதிதாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்தால் வளையங்கள் தெளியும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த முதுமரம். விரற்கடை அகலத்துக்கு விரிந்திருந்தால் வேகமாக வளர்த்த தோட்டமரம். தோட்டத்து மரம் என்று சொல்லி விற்கப்படும் கட்டையில் நெருக்கமான வளையங்கள் நூற்றுக்கணக்கில் தெரிந்தால் ஐயப்பட இடமுண்டு. சீவிய இடத்தில் பழைய தோலின் வாசமும் விரலில் மெல்லிய எண்ணெய்ப் பசையும் தேக்கின் அடையாளம். பெரிய தொகைக்கு வாங்குகிறீர்கள், ஐயமும் இருக்கிறது என்றால், ஒரு சிறு துண்டைப் பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பி இன்ன மரம் என்று அறிந்துகொள்ளலாம். எந்த நாட்டு மரம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத் தாள்தான் ஆதாரம்.

தாள்கள்

இறக்குமதி மரத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அதில் தாவரவியல் பெயரும் விளைந்த நாடும் இருக்கும். கடைக்காரரிடம் அதன் நகலைக் காட்டச் சொல்லுங்கள். துபாய், சிங்கப்பூர் வழியாக வந்த சரக்கென்றால், ஏற்றிய துறைமுகத்தைப் பார்க்காமல் விளைந்த நாட்டைப் பாருங்கள். உள்ளூர்த் தேக்கு என்றால் பட்டா நிலத்திலிருந்து வெட்டி எடுத்துவர வனத்துறை கொடுத்த அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். மாநிலங்களுக்கிடையே போகும் மரத்துக்காக 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசிய அனுமதி முறையில் சீட்டு இணையவழி வருகிறது. க்யூஆர் குறியைக் கைப்பேசியில் சரிபார்க்கலாம்.

எஃப்.எஸ்.சி. முத்திரை மூன்று வகை. 100% என்றிருந்தால் முழுவதும் சான்று பெற்ற காட்டிலிருந்து வந்தது. மிக்ஸ் என்றால் சான்று பெற்றதும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வேறு மரமும் கலந்தது. ரீசைக்கிள்டு என்றால் மறுசுழற்சி. முத்திரையின் கீழே சி என்ற எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி. இணையத் தேடலில் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். நிறுவனம் சான்று பெற்றிருப்பது வேறு, உங்களுக்கு விற்கும் சரக்கு சான்று பெற்றது என்பது வேறு. பில்லில் அந்தச் சரக்குக்கு நேரே முத்திரை வகையும் சான்று எண்ணும் அச்சாகியிருந்தால் மட்டுமே அது சான்று பெற்ற மரம். பி.இ.எஃப்.சி. என்பது 1999-இல் தொடங்கிய மற்றொரு முறை. அதற்கும் இதே சோதனைதான். முத்திரைகளின்மேலும் குறைகள் சொல்லப்பட்டிருக்கின்றன, அவற்றில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒன்றுமே எழுதாத பில்லைவிட, யாராவது போய்ச் சோதித்த காடு மேல்.

பிளைவுட்டில் மேல்தோல் எந்த மரம் என்று கேட்க வேண்டும். முன்பு மியான்மரின் கர்ஜன் மரமே மேல்தோலாக வந்தது. உருட்டுமரத் தடைக்குப் பின் காபோன் நாட்டின் ஒகூமே பெருகியது. தன் காட்டு உரிமங்கள் எல்லாம் எஃப்.எஸ்.சி. சான்று பெற வேண்டும் என்று காபோன் 2018-இல் அறிவித்ததால், ஒகூமே பிளைவுட்டில் சான்றுள்ள சரக்கைத் தேடிப் பிடிப்பது இயலும். நடுப்பலகைக்குத் தைலமரமும் மலைவேம்பும் போதும். மலைவேம்பை நம் உழவர்களே பயிரிடுகிறார்கள்.

தனிவீட்டுக்காரரைவிட அடுக்ககம் கட்டும் நிறுவனமும், மண்டபமோ தேரோ செய்யும் கோயில் திருப்பணிக் குழுவும், பள்ளி நிர்வாகமும் ஒரே நேரத்தில் பல நூறு கன அடி வாங்குபவர்கள். அடுக்ககத்தில் வீடு பதிவு செய்கிறீர்கள் என்றால், ஒப்பந்தத்தில் கதவு மரம் பற்றிய வரியில் நாடும் மரத்தின் பெயரும் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பணிக் குழுவில் இருந்தால் ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போதே இதை நிபந்தனையாக வையுங்கள். மரம் வந்து இறங்கியபின் கேட்டால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

வாசக்கால் வைத்தபின் அதன் அடிப்பாகம் தரையீரத்தைக் குடிக்காதபடி தார் அல்லது எபாக்சி பூச்சுக் கொடுங்கள். நிலை முதலில் கெடுவது அங்கேதான். இணைப்புகளைப் பசையால் மட்டும் ஒட்டாமல், மரஆணியோ மூங்கிலாணியோ வைத்து இறுக்கும்படி ஆசாரியிடம் சொல்லிவிட்டால், நாளை வீட்டை மாற்றிக் கட்டும்போது சட்டம் உடையாமல் பிரிந்து வரும். பில்லையும் அனுமதிச் சீட்டின் நகலையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அந்த மரம் மறுபடி விற்கப்படும் நாளில் வாங்குகிறவர் இதே மூன்று கேள்விகளைக் கேட்டால் காட்டுவதற்கு அவை வேண்டும்.